பின் சீட் இல்லாத பியட்

எங்கள் மோட்டார் மெக்கானிக் சங்கத்தின் ஆண்டுமலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். சங்கத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது விடுமுறை நாட்களில் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு சென்னைப் பக்கமும் கோயம்புத்தூர்ப் பக்கமும் போகிறார்கள். அங்கே ரேஸ் பாதையில் ஆசை தீர ஓட்டிவிட்டு, அதே காரில் வீட்டுக்குக் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். "உங்க காலத்துல இதெல்லாம் ஏதுங்கய்யா?" என்று ஒருவர் கேட்டார். இருந்திருக்காது என்று முடிவு கட்டிக்கொண்டு கேட்ட கேள்வி அது. எனக்கு அது பிடிக்கவில்லை. இருந்தது. ஒரே ஒரு காரை நான் அப்படித் தயார் செய்திருக்கிறேன்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகப் பிராணி. யாராவது என்னிடம் ஒன்று கேட்டால், இவன் எதற்குக் கேட்கிறான் என்றுதான் முதலில் யோசிப்பேன். என் மனைவி காபி வேண்டுமா என்று கேட்டால்கூட, இவளுக்கு இப்போது என்ன வேலை ஆக வேண்டியிருக்கிறது என்று பார்ப்பேன். இது பிறவிக் குணம் பாதி, தொழில் கொடுத்தது பாதி.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. அப்பாவும் அம்மாவும் பெரிய மிராசு வீட்டு வயலில் நாற்று பறித்தவர்கள். எனக்குச் சேற்றில் குனிய உடம்பு வணங்கவில்லை. திருவாரூரில் ராவுத்தர் பட்டறையில் போய் நின்றேன். முதலில் டீசல் பம்ப்செட், பிறகு டிராக்டர், பிறகு லாரி, கடைசியாகக் கார். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான். கை சுட்டது, காது வலித்தது, தொழில் வந்தது.

ராவுத்தரைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர் என்ன கோளாறு சொன்னாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வண்டிய வச்சு என்ன பண்றீங்க?" என்பதுதான். எங்கே போகிறது, என்ன ஏற்றுகிறது, யார் ஓட்டுவது என்று எல்லாவற்றையும் கேட்டு முடிக்கும்வரை பானெட்டைத் திறக்க மாட்டார். சில பேர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவார்.

வேலை முடிந்த பிறகு இன்னொரு வழக்கம். ஒரு சின்ன டப்பாவில் வெள்ளைப் பெயின்ட் வைத்திருப்பார். முக்கால்வாசி மயிர் உதிர்ந்த ஒரு பிரஷ். நாங்கள் முறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் தன் ஸ்பானரைப் போட்டுப் பார்ப்பார். பார்த்த பிறகு நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். நட்டு துளி நகர்ந்தாலும் கோடு இரண்டாக விலகிவிடும். "நான் நல்லா முறுக்கினேன் முதலாளி" என்று சொன்னால், "நீ சொல்லாத, கோடு சொல்லட்டும்" என்பார். கடைசியில் டிரைவர் சீட்டில் ஏறி, ஸ்டியரிங்கைத் தொடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். வேண்டிக்கொள்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். ஒருநாள் கேட்டபோது, "ஓட்டப்போறவன் எதெதுல கை வைப்பான்னு பாக்கறேன்" என்றார்.

இனி அந்தக் காலத்தைச் சொன்னால்தான் காரைப் பற்றிச் சொல்வது விளங்கும். ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கு ஊர் கறுப்பு சிவப்புக் கொடியும் செங்கொடியும் பக்கத்தில் பக்கத்தில் பறந்தன. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மிராசுதார்கள் வயல்களை வண்டிக்காரன் பேரிலும் சமையற்காரன் பேரிலும் பினாமியாக எழுதி வைத்தார்கள். குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்யக் கேட்டார்கள். அறுப்பு வந்தால் யார் அறுப்பது என்று சண்டை. இதற்கு நடுவில், தஞ்சை ஜில்லா அரிசியை உத்தரவு இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்று சாலைகளில் சோதனைச் சாவடி வைத்திருந்தார்கள்.

சாவடி வந்ததும் கடத்தலும் வந்தது. கடத்தல் காரை நாங்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்போம். பின் சீட் இருக்காது. மூட்டை ஏற்றினால் பின்பக்கம் தணிந்து காட்டிக்கொடுக்கும் என்பதால், பின்னால் ஸ்பிரிங்கில் பட்டை ஒன்று கூடுதலாகப் போட்டிருப்பார்கள். ஸ்டெப்னி இருக்காது. இப்படிச் செய்துகொடுத்த ஒரு பட்டறையைப் போலீஸ் பூட்டியதை நாங்கள் பார்த்திருந்தோம்.

இந்த நேரத்தில்தான் சந்தானம் ஒரு பழைய பியட்டோடு வந்து இறங்கினார். எங்கள் ஊர்ப் பெரிய மிராசுவின் இளைய மகன். சென்னையில் இன்ஜினீயரிங் படித்தவர்.

"முருகையன், நல்லா இருக்கீங்களா?" என்றார்.

அந்த 'ங்க' எனக்கு உறைத்தது. அவர் அப்பா என் அப்பாவை வாடா போடா என்றுதான் கூப்பிடுவார். அந்த வீட்டிலிருந்து ஒருவர் என்னை மரியாதையாகக் கூப்பிட்டால், ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

ராவுத்தர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். சந்தானம் உற்சாகமாகச் சொன்னார். தஞ்சாவூரைத் தாண்டி, ஜில்லா எல்லைக்கு அந்தப் பக்கம், யுத்த காலத்தில் போட்ட பழைய விமான ஓடுபாதை ஒன்று கிடக்கிறது. மோட்டார் பிரியர்கள் சிலர் அங்கே எண்ணெய் டிரம்களை வளைந்து வளைந்து அடுக்கி, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஒரு போட்டி வைக்கிறார்கள். டிரம்மில் இடிக்காமல் யார் சீக்கிரம் ஓட்டி முடிக்கிறார் என்பதுதான் போட்டி. சாதாரண வீட்டுக் கார்கள்தான் கலந்துகொள்ளும்.

"என்ன பண்ணணும்?" என்றார் ராவுத்தர்.

"பின் சீட்ட எடுத்துடணும். கனம் குறையும். ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் வேண்டாம். பின்னாடி ஸ்பிரிங்ல பட்டை ஒண்ணு சேக்கணும். வளைவுல சாயாம இருக்கும்."

பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பேரும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் காரைப் பார்த்தேன்.

"டயர்ல காத்து எப்படி வேணும்?" என்று ராவுத்தர் மெதுவாகக் கேட்டார்.

"முன்னாடி கூட, பின்னாடி அதவிடக் கொஞ்சம் கம்மி. ஸ்பிரிங் விறைப்பாத்தான் இருக்கணும், ஆனா பின்னாடி உயரக் கூடாது. பட்டையோட வளைவ அடிச்சுத் தட்டையாக்கிடலாம். அப்புறம் பிரேக். நாலு வீலுக்கும் புது லைனிங். அதுதான் முக்கியம்."

அவர் போன பிறகு ராவுத்தர் சொன்னார்: "சுமை ஏத்தறவன் பின்னாடி காத்தக் குறைக்கச் சொல்ல மாட்டான். கடத்தறவன் பிரேக்குக்குச் செலவு பண்ண மாட்டான். இவரு நெசமாத்தான் சொல்றாரு."

"யாராவது சொல்லிக்கொடுத்திருப்பாங்க முதலாளி," என்றேன் நான்.

எனக்குக் காரணம் இருந்தது. என் அக்கா அஞ்சம்மாளை எங்கள் ஊரிலேயே கட்டிக் கொடுத்திருந்தோம். மச்சான் கோவிந்தன் பெரிய மிராசுவிடம் குத்தகை சாகுபடி. அந்த வருஷம் குத்தகைக்காரர்கள் பதிவு கேட்டதும் மிராசு ஆள் வைத்து அறுத்து, நெல்லைத் தன் களஞ்சியத்தில் கொட்டிப் பூட்டிவிட்டார். தாசில்தார் வந்து பார்த்துவிட்டு, விசாரணை முடியும்வரை அந்த நெல்லை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் சாவி மிராசுவின் இடுப்பில் இருந்தது. அதனால் மச்சானும் மற்ற ஆண்களும் முறைபோட்டுக் களஞ்சியத்தின் வாசலில் காவல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நெல் போனால் அக்கா வீட்டில் அடுத்த அறுப்புவரை உலை வைக்க வழி கிடையாது. அக்காவுக்குக் கைக்குழந்தை வேறு.

சின்ன மிராசு வண்டியில் சீட்டைக் கழற்றுகிறார்கள் என்ற செய்தி ஊருக்குப் போனதும் மச்சான் பட்டறைக்கு வந்துவிட்டார்.

"மாப்ள, அது முன்னாடி போயி சாவடி நெலவரம் பாக்கற வண்டி. பின்னாடி லாரி வரும். எல்லா எடத்துலயும் அப்படித்தான் நடக்குது," என்றார்.

"ரேஸுங்கறாரு மச்சான்."

"ரேஸா? ஊர்ல இருக்கறவன் கஞ்சிக்கு ஓடறான், இவரு எதுக்கு ஓடறாரு?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ ஒண்ணும் பெருசாப் பண்ண வேணாம். நடுவழியில நிக்கற மாதிரி ஒரு நட்ட லூசா விட்டுடு. போதும்," என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "எந்த நட்டு லூசானா வண்டி நிக்கும், எந்த நட்டு லூசானா ஆளு செத்துப்போவான்னு ஒங்களுக்குத் தெரியுமா? நான் பண்ண மாட்டேன்," என்றேன். மச்சான் முகம் சுருங்கிப்போனது. அது பார்க்கக் கஷ்டமாக இருந்ததால் நானே ஒரு யோசனை சொன்னேன். "அந்த வண்டியில நானே கூடப் போறேன். மெக்கானிக் வேணும்னு கூப்பிட்டிருக்காரு. சந்தேகம்னா நீங்களும் வந்து சாவடியில நில்லுங்க. லாரி வந்தா மறிங்க."

மச்சானுக்கு அது பிடித்துப்போயிற்று. போலீஸ் கண்ணெதிரே நெல்லோடு பிடித்துவிட்டால் மிராசு தப்ப முடியாது, ஊர் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார்.

வேலையை நானே செய்தேன். வேறு யார் கையையும் விடவில்லை. ராவுத்தரின் முறைப்படி முதலில் காருக்குள் உருளக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. ஒரு சோடா பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்விட்டால் முடிந்தது கதை. சீட்டு, மிதியடி, ஆஷ்ட்ரேவரை எடுத்தேன். பேட்டரியைப் பட்டை இரும்பு வைத்துக் கட்டினேன். ஸ்டியரிங் மூட்டுகளில் இருந்த பழைய பின்களை எல்லாம் பிடுங்கிப் புதிது போட்டேன். ஆக்ஸிலேட்டரைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங் அறுந்தால் கார் நிற்காது, அதனால் துணைக்கு இன்னொரு ஸ்பிரிங். நாலு பிரேக்கும் ஒரே அளவில் பிடிக்கிறதா என்று வீலைத் தூக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். திருச்சிப் பழைய இரும்புக் கடையிலிருந்து சந்தானம் ஒரு இடுப்பு பெல்ட் கொண்டுவந்தார். தரைத்தகடு பிய்த்துக்கொண்டு வந்துவிடாதபடி அடியில் தடித்த தகடு கொடுத்து முடுக்கினேன். முன்விளக்குக் கண்ணாடி உடைந்து சிதறாமல் இருக்கக் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டினேன். ராவுத்தர் பின்னாலேயே வந்து ஒவ்வொரு நட்டிலும் கோடு இழுத்தார்.

புறப்படும் காலையில் நான் எல்லாக் கோட்டையும் ஒரு முறை பார்த்து முடித்தேன். உடனே ராவுத்தர் தரையில் சாக்கை விரித்துப் படுத்து மறுபடி ஒன்றொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை.

"என்னைச் சந்தேகப்படறீங்களா முதலாளி?"

"ஒன்னயில்ல. ஒன்னப் பாக்க வந்துட்டுப் போனாரே, அவரை," என்று காருக்கு அடியிலிருந்து பதில் வந்தது. தப்பு சொல்ல முடியவில்லை. ஆனால் வலித்தது.

வழியில் சந்தானம் பாட்டுப் பாடாத குறையாக ஓட்டினார். "அப்பா இத்தனை மாசமா விடவே மாட்டேன்னார். திடீர்னு அவரே, ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்து என்ன பண்ணப்போற, போயிட்டு வாடான்னுட்டார்," என்றார். அவர் எந்தத் திருப்பத்தில் திரும்புகிறார், எங்கே வேகத்தைக் குறைக்கிறார், பின்னால் லாரி ஏதும் வருகிறதா என்று பார்ப்பதிலேயே நான் குறியாக இருந்தேன். அந்தப் பேச்சு ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது.

சாவடியில் போலீஸ்காரர் காரைப் பார்த்ததுமே தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார். பின்பக்கத்தை முழங்காலால் அழுத்தினார். அது அசையவில்லை. உள்ளே குனிந்து வெறும் தகட்டில் விரலால் தேய்த்து, தவிடு ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார்.

"சீட்டு எங்க?"

"ரேஸுக்காக எடுத்திருக்கோம் சார்," என்றார் சந்தானம்.

"எல்லாரும் இப்ப ரேஸுன்னுதான் சொல்றாங்க," என்றார் அவர். சொன்னாலும் பிடிக்க ஒன்றும் அகப்படாததால் விட்டுவிட்டார். எதிர்ப் பக்கம் டீக்கடையில் மச்சானும் எங்கள் ஊர் ஆண்களும் கும்பலாக நின்றார்கள். களஞ்சியக் காவல் முறைக்காரர்களும் அதில் இருந்தார்கள். மச்சான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

ஓடுபாதையில் வெயில் தகித்தது. சந்தானம் முதல் சுற்றில் மூன்றாவது டிரம்மைத் தட்டிவிட, கார் அரை வட்டம் சுழன்று, புறப்பட்ட பக்கமே பார்த்து நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு கோடுகூட விலகவில்லை. "வளைவுக்கு முன்னாடியே பிரேக்க முடிச்சுடுங்க, வளைவுக்குள்ள மிதிக்காதீங்க," என்றேன். அடுத்த சுற்றில் அப்படியே செய்தார். அந்தப் பழைய பியட் டிரம்முக்கும் டிரம்முக்கும் நடுவில் நுழைந்து நுழைந்து, பின்பக்கம் சாயாமல், எதையும் தொடாமல் வந்து சேர்ந்தது. பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் நான் கைதட்டினேன். என் வாழ்க்கையில் நான் வேலை பார்த்த ஒரு வண்டியைப் பார்த்து அன்றுபோல் சந்தோஷப்பட்டதில்லை. யாருடைய வண்டி என்பதே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது.

திரும்பும்போது சாவடியில் மச்சான் வெயிலில் வாடிப்போய் நின்றிருந்தார். "ஒரு லாரியும் வரல மாப்ள," என்று அசடு வழியச் சிரித்தார். மற்றவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். சந்தானம் காரை நிறுத்தி, "ஊருக்குத்தானே, ஏறுங்க," என்றார். மச்சானும் இன்னும் இரண்டு பேரும் தயங்கித் தயங்கி ஏறி, பின்னால் வெறும் தகட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். மிராசு வீட்டுக் காரில் அவர்கள் ஏறியது அதுதான் முதல் தடவை. கொஞ்ச தூரம் போனதும், "வண்டி குலுங்காமப் போவுது மாப்ள," என்று மச்சான் என் தோளைத் தட்டினார். அன்று அந்தக் காரில் யாருக்கும் யார் மீதும் சந்தேகம் இல்லை. அப்படித்தான் நான் நினைத்தேன்.

ஊருக்குள் நுழைந்தபோது களஞ்சியத்தின் கதவு விரியத் திறந்து கிடந்தது.

உள்ளே கூட்டிப் பெருக்கினாற்போல் இருந்தது. காலையில் நாங்கள் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மாட்டுவண்டிகள் வரிசையாக வந்திருக்கின்றன. லாரி இல்லை, சாவடி இல்லை, எல்லையும் இல்லை. பக்கத்து ஊர் ரைஸ்மில்லுக்குப் பட்டப்பகலில் நெல் போய்விட்டது. ஆண்கள் யாரும் இல்லாததால் பெண்கள்தான் மறித்திருக்கிறார்கள். வண்டிச் சக்கரத்தைப் பிடித்துத் தொங்கிய என் அக்காவுக்கு முழங்கை கிழிந்திருந்தது. இடுப்பில் குழந்தையோடு அவள் நின்றிருந்தாள். மிராசு வீட்டுக் காரின் முன்கதவைத் திறந்துகொண்டு நான் இறங்குவதைப் பார்த்தாள். என் பின்னால் அவள் புருஷன் இறங்குவதைப் பார்த்தாள். திரும்பி நடந்துவிட்டாள்.

சந்தானம் திறந்த கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார்.

தாசில்தார் விசாரணையில் பெரிய மிராசு, அது தன்னுடைய பழைய நெல் என்று சொன்னார். நெல் அதற்குள் அரிசியாகிவிட்டது. அடையாளம் சொல்ல முடியவில்லை. பின்னால் குத்தகைப் பதிவு கிடைத்தது, நிலம் நிலைத்தது. அந்த வருஷ நெல் மட்டும் கிடைக்கவே இல்லை. அக்கா கைக்குழந்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியூருக்குக் கூலிக்குப் போனாள். நான் கொடுத்தனுப்பிய அரிசியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். "எம் மாப்ள சொல்லித்தான் எல்லாரும் சாவடிக்குப் போனோம்" என்று மச்சானே ஊரில் சொன்னார் என்று கேள்விப்பட்டேன்.

சில நாள் கழித்து சந்தானம் பின் சீட்டை மறுபடி போட வந்தார். காரை விற்கப்போவதாகச் சொன்னார். முகம் பார்க்காமல் நின்றார். நான் சீட்டைப் பொருத்திக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா அந்த வண்டியில ஏறியிருப்பேனா முருகையன்?" என்றார்.

நான் அவர் கண்ணைப் பார்த்தேன். கலங்கித்தான் இருந்தது. கலங்குகிற கண்ணை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "சரிங்க," என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டேன். அந்தச் 'சரி'யில் நம்பிக்கை இல்லை என்பது அவருக்கும் தெரியும். அவர் சென்னைக்குப் போய்விட்டார். அதன் பிறகு அந்த வீட்டுக்கு வந்ததாக யாரும் சொல்லவில்லை.

ராவுத்தர் போனார். பட்டறை கை மாறியது. நான் வேறு இடத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றேன். மச்சான் இறந்தபோதுதான் பல வருஷம் கழித்து அக்கா வீட்டுப் படியேறினேன். கருமாதி முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். கேட்டவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"அவரும் போய்ட்டாரு. இனிமே யாருக்கும் நஷ்டமில்ல. இப்பவாச்சும் சொல்லுடா. ஆம்பளைங்கள அங்க இழுத்துட்டுப் போகச் சொல்லி மிராசு ஒங்கிட்ட சொன்னாரா? ஒனக்குத் தெரியும்தானே?"

என்ன சொல்வது என்று தேடியபோது வாயில் வந்தது இதுதான்: "தெரிஞ்சிருந்தா அந்த வண்டியில ஏறியிருப்பேனாக்கா?"

அக்கா என் கண்ணைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"சரி, வா. எலை போட்டுட்டாங்க," என்றாள்.